வலை வழங்கியில் அடைவு அனுமதிகள்: எண்ணைக் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

புதிதாக ஒரு லினக்ஸ் வழங்கியில் வலைத்தளத்தை ஏற்றுபவர் பெரும்பாலும் முதல் நாளிலேயே 403 என்ற பிழை எண்ணைச் சந்தித்துவிடுகிறார். கேட்ட பக்கத்தைக் காட்ட வழங்கி மறுக்கிறது என்பது அதன் பொருள். தீர்வு தேடினால் உடனே கையில் சிக்குவது 777 என்னும் அனுமதி எண். அதைக் கொடுத்தவுடன் பல நேரங்களில் பக்கமும் திறந்துவிடுவதால் சிக்கல் தீர்ந்துவிட்டதாகவே தோன்றும். ஆனால் அக்கணினியில் இயங்கும் எந்த நிரலும், எந்தப் பயனரின் பெயரில் இயங்கினாலும், அந்த அடைவில் (ஃபோல்டரில்) புதிய கோப்பை எழுதலாம், இருப்பதை அழிக்கலாம் என்று அந்த எண் சொல்லிவிடுகிறது. தளத்தின் செருகுநிரல் ஒன்றில் ஓட்டை இருந்தால், அதன் வழியாக நுழைபவர் தன் நிரலை அங்கே வைத்துவிட்டு, உலாவியிலிருந்தே அதை அழைத்து இயக்கிக்கொள்ளலாம்.

ஆகவே எந்த எண் என்று கேட்பதற்கு முன், இந்த அடைவில் எழுத வேண்டியவர் யார், படித்தால் மட்டும் போதுமானவர் யார் என்று கேட்க வேண்டும். விடை தெரிந்துவிட்டால் எண் தானாகவே அமைந்துவிடும். கீழே வரும் கட்டளைகள் ஒலிப்புக்கு ஏற்பத் தமிழில் எழுதப்பட்டுள்ளன. முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும், பெரிய எழுத்து தேவைப்படும் இடங்கள் தனியே குறிப்பிடப்படும். 'தள-அடைவு' என்று வரும் இடங்களில் உங்கள் தளம் இருக்கும் முழுப் பாதையை இட்டுக்கொள்ளுங்கள்.

அடைவுக்கு அனுமதி என்றால் என்ன

லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் அடைவுக்கும் ஓர் உரிமையாளரும் ஒரு குழுவும் உண்டு. இவ்விரண்டிலும் சேராதவர்கள் 'மற்றவர்கள்'. இந்த மூன்று தரப்பினருக்கும் தனித்தனியே படித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் மூன்று உரிமைகளைக் கொடுக்கலாம். படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என்று மதிப்பிட்டுக் கூட்டினால் ஒரு தரப்பினருக்கான இலக்கம் கிடைக்கும். 755 என்பதில் உரிமையாளருக்கு மூன்று உரிமைகளும் உண்டு. குழுவுக்கும் மற்றவர்களுக்கும் படித்தலும் இயக்குதலும் மட்டும் உண்டு. 640 என்பதில் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம்; குழுவினர் படிக்கலாம்; மற்றவர்களுக்கு எதுவும் இல்லை.

புதியவர்கள் தடுமாறும் இடம் இதற்கு அடுத்தது. இதே மூன்று உரிமைகள் கோப்புக்கு ஒரு பொருளையும் அடைவுக்கு வேறொரு பொருளையும் தருகின்றன. அடைவைப் படிக்கும் உரிமை என்பது, அதற்குள் இருக்கும் பெயர்களைப் பட்டியலிடும் உரிமை மட்டுமே. அந்தக் கோப்புகளின் உள்ளடக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. அடைவை 'இயக்கும்' உரிமை என்பது அதற்குள் நுழைந்து கடந்து செல்லும் உரிமை. இது இல்லாவிட்டால், உள்ளே இருக்கும் கோப்பு எல்லோரும் படிக்கும்படி வைக்கப்பட்டிருந்தாலும் அதை எட்ட முடியாது. மாறாக, கடந்து செல்லும் உரிமை மட்டும் இருந்து பட்டியலிடும் உரிமை இல்லாவிட்டால், கோப்பின் பெயரைத் துல்லியமாக அறிந்தவர் அதைத் திறக்கலாம், அறியாதவர் தேடிக் கண்டுபிடிக்க இயலாது.

அடைவில் எழுதும் உரிமைதான் மூன்றிலும் மிகுந்த கவனத்துக்கு உரியது. கடந்து செல்லும் உரிமையோடு சேரும்போது, அடைவுக்குள் புதிய கோப்பை உருவாக்கவும், இருப்பதைப் பெயர் மாற்றவும், அழிக்கவும் அது இடம் தருகிறது. ஒரு கோப்பை அழிக்க அந்தக் கோப்பின்மீது எழுதும் உரிமை வேண்டியதில்லை. அது இருக்கும் அடைவின்மீது எழுதும் உரிமை இருந்தால் போதும். அமைவுக் கோப்பை 440 என்று பூட்டிவிட்டு, அதைச் சுமக்கும் அடைவை 777 என்று திறந்து வைப்பவர், அந்தக் கோப்பை அப்புறப்படுத்திவிட்டு அதே பெயரில் வேறொன்றை வைக்க எவருக்கும் வழிவிடுகிறார்.

இன்னொரு விதியையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கணினி முதலில் நீங்கள் உரிமையாளரா என்று பார்க்கிறது. ஆம் எனில் உரிமையாளருக்கான இலக்கத்தோடு சோதனை முடிந்துவிடும். இல்லையெனில் குழு, அதற்கும் பிறகுதான் மற்றவர்கள். மற்றவர்களுக்குப் படிக்கும் உரிமை இருந்தும் குழுவுக்கு அது மறுக்கப்பட்டிருந்தால், குழுவில் இருக்கும் பயனரால் படிக்க முடியாது.

முதற்படி: வழங்கி யாராக இயங்குகிறது

வலை வழங்கி மென்பொருள்களான அப்பாச்சியும் என்ஜின்எக்ஸும் தொடங்கும்போது, முழு அதிகாரமுள்ள ரூட் பயனராகவே தொடங்குகின்றன, ஏனெனில் 1024-க்குக் கீழே உள்ள 80, 443 போன்ற துறைகளை (போர்ட்) திறக்க வழக்கமாக அந்த அதிகாரம் தேவை. ஆனால் வேண்டுகோள்களுக்கு விடையளிக்கும் துணைச் செயல்முறைகள் அதிகாரம் குறைந்த ஒரு பயனரின் பெயரில் இயங்குகின்றன. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் அந்தப் பயனரின் பெயர் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா'. ரெட்ஹேட், ஃபெடோரா வகைகளில் அப்பாச்சிக்கு 'அப்பாச்சி' என்றும், என்ஜின்எக்ஸுக்கு 'என்ஜின்எக்ஸ்' என்றும் இருக்கும். ஊகிக்காமல், 'பிஎஸ் ஏயுஎக்ஸ்' என்ற கட்டளையின் விடையில் வழங்கியின் பெயருள்ள வரிகளைத் தேடி, முதல் நெடுவரிசையில் ரூட் அல்லாமல் வரும் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி அதை 'வழங்கிப் பயனர்' என்றும், அவருடைய குழுவை 'வழங்கிக்குழு' என்றும் குறிப்பிடுவோம்.

தளம் பிஎச்பியில் இயங்கினால் இன்னொரு பெயரையும் பார்க்க வேண்டும். பிஎச்பி நிரல்களை இயக்கும் பிஎச்பி-எஃப்பிஎம் தனிச் சேவையாக இயங்குவதால், அதன் தொகுதி அமைவில் குறிக்கப்பட்ட பயனரின் பெயரில்தான் பிஎச்பி நிரல்கள் கோப்புகளைத் திறக்கும். படங்களையும் நடைதாள்களையும் வழங்கி நேரடியாகப் படிக்கிறது. நிரல்களை எஃப்பிஎம் படிக்கிறது. ஒன்று திறந்து மற்றது திறக்காமல் இருந்தால் காரணத்தை இங்கே தேடுங்கள்.

இரண்டாம் படி: இருக்கும் நிலையைப் பதிந்துவைத்தல்

இதைப் பலர் தவிர்க்கிறார்கள், தவிர்க்கவே கூடாது. அனுமதி மாற்றத்துக்கு மீட்டெடுக்கும் பொத்தான் கிடையாது. 'கெட்எஃப்ஏசிஎல் -ஆர் தள-அடைவு' என்ற கட்டளையின் விடையை ஒரு கோப்பில் சேமித்துக்கொண்டால் (இங்கே 'ஆர்' பெரிய எழுத்து), அதில் ஒவ்வொரு கோப்பின் உரிமையாளர், குழு, அனுமதிகள் ஆகிய அனைத்தும் இருக்கும். ஏதேனும் தவறினால், வேர் அடைவில் ('/') நின்றுகொண்டு, ரூட் அதிகாரத்தோடு 'செட்எஃப்ஏசிஎல் --ரிஸ்டோர்=' என்பதையடுத்து அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் பழைய நிலை திரும்பிவிடும். பதிவுக் கோப்பைத் தள அடைவுக்கு வெளியே வையுங்கள்.

மூன்றாம் படி: முதலில் உரிமை, பிறகு எண்

நான் பரிந்துரைக்கும் அடிப்படை ஏற்பாட்டில், தளத்தைப் பராமரிக்கும் மனிதரின் கணக்கு உரிமையாளராகவும், வழங்கிக்குழு குழுவாகவும் இருக்கும். பராமரிப்பவர் எழுதலாம்; வழங்கி படிக்கலாம்; அக்கணினியில் உள்ள வேறு எவருக்கும் அங்கே வேலை இல்லை. வழங்கிப் பயனரையே அனைத்துக்கும் உரிமையாளராக்கும் வழக்கம் பரவலாக இருந்தாலும் அது 777-க்கு மிக அருகில் நிற்கும் ஏற்பாடுதான், ஏனெனில் தாக்குபவர் கைக்குப் போவது பெரும்பாலும் அந்தப் பயனரின் அதிகாரமே.

உரிமையை மாற்றும் கட்டளை 'சிஎச்ஓன்'. அதைச் சி, எச், ஓ, டபிள்யூ, என் என்று தட்ட வேண்டும். முன்னால் வரும் 'சூடோ', கட்டளையை ரூட் அதிகாரத்தோடு ஓட்டுவதற்கு:

சூடோ சிஎச்ஓன் -ஆர் பராமரிப்பவர்:வழங்கிக்குழு தள-அடைவு

இங்கும் 'ஆர்' பெரிய எழுத்து. உள்ளே இருக்கும் அனைத்துக்கும் மாற்றம் செல்ல வேண்டும் என்பதை அது குறிக்கிறது. என்டரை அழுத்தும் முன் பாதையை ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பாருங்கள். பாதையின் நடுவே தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்து, வெறும் சாய்கோடு தனித்து நின்றுவிட்டால் கட்டளை முழுக் கணினியின்மீதும் பாயும்.

அடுத்து எண்கள். அனுமதியை மாற்றும் கட்டளை 'சிஎச்மாட்'. சி, எச், எம், ஓ, டி என்று தட்ட வேண்டும். அடைவுகளுக்கும் கோப்புகளுக்கும் வெவ்வேறு எண்கள் தேவைப்படுவதால், '-ஆர்' சேர்த்து ஒரே எண்ணை அனைத்துக்கும் கொடுப்பது தவறான வழி. 644 என்று மொத்தமாகக் கொடுத்தால் அடைவுகள் கடந்து செல்லும் உரிமையை இழந்து தளமே எட்டாமல் போகும். 755 என்று கொடுத்தால் படங்கள்கூட இயக்கத்தக்க கோப்புகளாகிவிடும். எனவே 'ஃபைண்ட்' கட்டளையால் இரண்டையும் பிரித்துச் செய்ய வேண்டும்:

சூடோ ஃபைண்ட் தள-அடைவு -டைப் டி -எக்ஸெக் சிஎச்மாட் 2750 {} +

சூடோ ஃபைண்ட் தள-அடைவு -டைப் எஃப் -எக்ஸெக் சிஎச்மாட் 640 {} +

முதல் வரி அடைவுகளுக்கு உரியது, இரண்டாவது கோப்புகளுக்கு உரியது. தளத்தோடு சேர்ந்து இயக்கத்தக்க நிரல்கள் ஏதேனும் இருந்தால் அவற்றுக்கு மட்டும் பிறகு 750 என்று திருத்திக்கொள்ளுங்கள்.

முதல் வரியின் முன்னால் நிற்கும் 2 என்னவென்று கேட்கலாம். அடைவின்மீது அது இருந்தால், அதற்குள் புதிதாக உருவாகும் கோப்பு, உருவாக்கியவரின் சொந்தக் குழுவை எடுத்துக்கொள்ளாமல் அடைவின் குழுவையே எடுத்துக்கொள்ளும். இது இல்லாவிட்டால், நாளை நீங்கள் ஏற்றும் ஒரு புதிய பக்கம் உங்கள் சொந்தக் குழுவோடு வந்து நிற்கும். வழங்கியால் அதைப் படிக்க முடியாது. நேற்றுவரை சரியாக இருந்த தளத்தில் ஒரே ஒரு பக்கம் மட்டும் ஏன் மறுக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். லினக்ஸில் வழக்கமாக உள்ள குனு வகைச் சிஎச்மாட், பிறகு நீங்கள் 750 என்று மூன்று இலக்கம் மட்டும் கொடுத்தாலும் அடைவின் இந்த 2-ஐ நீக்காது.

புதிய கோப்புகளின் எண்ணைத் தீர்மானிப்பது 'யுமாஸ்க்' என்னும் அமைவு. அது 022 என்றிருந்தால் அடைவுகள் 755 ஆகவும் கோப்புகள் 644 ஆகவும் பிறக்கும். 027 என்றிருந்தால் 750, 640. பராமரிப்பவரின் கணக்கில் 027 என்று அமைத்துவிட்டால் மேலே சொன்ன ஏற்பாடு தானாகத் தொடரும்.

பரவலாகப் பரிந்துரைக்கப்படும் 755, 644 என்ற இணை தவறா என்றால், இல்லை. கணினியில் உங்களைத் தவிர வேறு பயனர்கள் இல்லை, தளத்தில் இரகசியக் கோப்புகளும் இல்லை எனில் அது போதும். தரவுத்தளக் கடவுச்சொல்லைச் சுமக்கும் கோப்பு ஒன்று உள்ளே இருந்தாலே, மற்றவர்களுக்குச் சுழியம் என்று வைப்பதுதான் நல்லது. வேர்ட்பிரஸின் டபிள்யூபி-கான்ஃபிக் அத்தகைய கோப்பு. அதற்கு 640 அல்லது 440 பொருந்தும்.

வாடகைக்கு எடுக்கும் பகிர்வு வழங்கிகளில் உங்களுக்குச் சிஎச்ஓன் உரிமை இருக்காது. அங்கே பிஎச்பி பெரும்பாலும் உங்கள் கணக்கின் பெயரிலேயே இயங்கும். அப்படியானால் அமைவுக் கோப்புக்கு 600 கூடப் போதும். நிரல்களை வழங்கிப் பயனர் அல்லாத வேறொரு பயனரின் பெயரில் இயக்கும் அப்பாச்சியின் சூஎக்ஸெக் வசதி பயன்படும் இடங்களில், குழுவோ மற்றவர்களோ எழுதத்தக்க அடைவில் இருக்கும் நிரலை அது இயக்கவே மறுத்து 500 பிழையைக் காட்டும். அங்கே 777 உதவாது.

நான்காம் படி: வழங்கி எழுத வேண்டிய அடைவுகள்

படங்களை ஏற்றும் அடைவு, தற்காலிகச் சேமிப்பு அடைவு போன்ற சிலவற்றில் மட்டும் நிரல் எழுதியாக வேண்டும். அவற்றைப் பட்டியலிட்டு, அவற்றுக்கு மட்டும் 2770 கொடுங்கள். குழுவுக்கு எழுதும் உரிமை கிடைத்துவிடுகிறது. மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. 777 தேவைப்படும் சூழல் இங்கும் எழவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எழுத்து உரிமை உள்ள இடத்தில் நிரல் இயங்கக் கூடாது. ஏற்றும் அடைவுக்குள் யாராவது பிஎச்பி கோப்பை நுழைத்தாலும் அது வெறும் கோப்பாகக் கிடக்க வேண்டும். அப்பாச்சியில் அந்த அடைவுக்கான அமைவுப் பகுதியில் பிஎச்பி நீட்சி உள்ள கோப்புகளுக்கு அணுகலை முழுவதும் மறுக்கலாம். என்ஜின்எக்ஸில் அந்தப் பாதைக்கு மறுப்பு விதி ஒன்றை எழுதி, அதைப் பொதுவான பிஎச்பி விதிக்கு மேலே வைக்க வேண்டும். சுருங்குறித்தொடரால் (ரெஜெக்ஸ்) எழுதப்பட்ட விதிகளில் வரிசையில் முதலில் பொருந்துவதையே அது எடுத்துக்கொள்கிறது என்பதால் கீழே வைத்த மறுப்பு வேலை செய்யாது.

பதிகைக் கோப்புகள் (வழங்கி தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் கோப்புகள்) இருக்கும் அடைவை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அப்பாச்சி தன் பதிகைகளை ரூட் அதிகாரத்தோடு திறப்பதால் வழங்கிப் பயனருக்கு அங்கே எழுதும் உரிமை தேவையே இல்லை. அந்த அடைவில் எழுத முடிந்தவர் வழங்கியைத் தொடங்கிய பயனரின் அதிகாரத்தையே பெற்றுவிடக்கூடும் என்று அப்பாச்சியின் ஆவணமே எச்சரிக்கிறது.

வேர்ட்பிரஸ் போன்றவை தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ள விரும்பும். அதற்குத் தளம் முழுவதிலும் எழுதும் உரிமை வேண்டும். இங்கே ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும். கட்டளை வழியாகத் தவறாமல் புதுப்பிக்கும் ஒழுங்கு உங்களிடம் இருந்தால் நிரலுக்கு அந்த உரிமையைத் தராதீர்கள். இல்லையென்றால், பழைய பதிப்பு மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பதைவிடத் தானியங்கிப் புதுப்பித்தலுக்காக அந்த உரிமையைக் கொடுப்பதே குறைந்த தீமை.

ஐந்தாம் படி: மேலிருந்து கீழ்வரை பாதையைச் சோதித்தல்

தள அடைவில் எல்லாம் சரியாக இருந்தும் 403 வருமானால், அதற்கு மேலே இருக்கும் அடைவுகளைப் பாருங்கள். வழங்கிப் பயனர் வேரிலிருந்து தொடங்கி ஒவ்வோர் அடைவையும் கடந்துதான் உள்ளே வர வேண்டும்; வழியில் ஒன்று மூடியிருந்தாலும் பயணம் அங்கேயே முடிந்துவிடும். 'நேம்ஐ -எல்' என்ற கட்டளையோடு கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்தால், பாதையின் ஒவ்வொரு கண்ணிக்கும் உரிமையாளர், குழு, அனுமதி ஆகியவை வரிவரியாக வரும்.

தளத்தைப் பயனரின் இல்ல அடைவுக்குள் வைத்திருப்போர் இந்தச் சிக்கலை அடிக்கடி காண்பார்கள். உபுண்டு 21.04 பதிப்பிலிருந்து புதிய இல்ல அடைவுகள் 750 என்ற அனுமதியோடு உருவாகின்றன. ரெட்ஹேட் வகைகளில் 700. இதற்காக இல்ல அடைவை 755 ஆக்குவது சரியன்று. தளத்தை '/வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ' அல்லது '/எஸ்ஆர்வி' அடைவுக்கு நகர்த்துவது நேரிய தீர்வு. நகர்த்த முடியாத நிலையில், 'செட்எஃப்ஏசிஎல் -எம் யு:வழங்கிப்பயனர்:எக்ஸ்' என்று இல்ல அடைவின்மீது கடந்து செல்லும் உரிமையை மட்டும் அந்த ஒரு பயனருக்குக் கொடுக்கலாம். அதன்பின் 'எல்எஸ் -எல்' விடையில் அனுமதியின் ஈற்றில் ஒரு கூட்டல் குறி தோன்றும்.

அனுமானத்தில் நிற்காமல் வழங்கிப் பயனராகவே மாறிச் சோதிப்பது நல்லது. 'சூடோ -யு வழங்கிப்பயனர் கேட்' என்று தொடங்கி ஒரு பக்கத்தின் பாதையைக் கொடுங்கள். உள்ளடக்கம் வர வேண்டும். அதே முறையில் 'டச்' கட்டளையால் தள அடைவில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்க முயலுங்கள், மறுக்கப்பட வேண்டும். ஏற்றும் அடைவில் முயன்றால் உருவாக வேண்டும். குழு உறுப்பினர்களை மாற்றியிருந்தால், ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் சேவைக்கு அது தெரியாது என்பதால் முதலில் சேவையை மறுதொடக்கம் செய்துகொள்ளுங்கள்.

எல்லா 403-உம் அனுமதிச் சிக்கல் அல்ல. அப்பாச்சியின் பிழைப் பதிகையில் ஏஎச்00035 என்ற குறியீடு இருந்தால் பாதையில் எங்கோ கடந்து செல்லும் உரிமை இல்லை. ஏஎச்01630 என்றால் அமைவுக் கோப்பின் விதியே மறுக்கிறது. சிஎச்மாட் அங்கே எதையும் மாற்றாது. ஏஎச்01276 என்றால் அடைவில் முகப்புக் கோப்பு இல்லை, பட்டியலிடுதலும் அணைக்கப்பட்டிருக்கிறது. என்ஜின்எக்ஸின் பதிகையில் 13 என்ற எண்ணோடு அனுமதி மறுப்பு வந்தால், மறுத்தது இயங்குதளம் என்று கொள்ளலாம்.

ஆறாம் படி: எஸ்இலினக்ஸ் இருக்கும் கணினிகளில்

ரெட்ஹேட், ஃபெடோரா வகைகளில் எண்கள் அனைத்தும் சரியாக இருந்தும் மறுப்பு தொடரலாம். எஸ்இலினக்ஸ் என்னும் பாதுகாப்பு அடுக்கு, ஒவ்வொரு கோப்புக்கும் ஒட்டப்பட்ட முத்திரையைத் தனியே பார்க்கிறது. 'எல்எஸ் -இசட்' (இசட் பெரிய எழுத்து) அதைக் காட்டும். வழங்கி படிக்க வேண்டியவற்றுக்கு 'எச்டிடிபிடி_சிஸ்_கன்டென்ட்_டி' என்ற முத்திரையும், எழுத வேண்டிய அடைவுகளுக்கு 'எச்டிடிபிடி_சிஸ்_ஆர்டபிள்யூ_கன்டென்ட்_டி' என்ற முத்திரையும் வேண்டும். இல்ல அடைவிலிருந்து 'எம்வி' கொண்டு நகர்த்திய கோப்பு பழைய முத்திரையோடே வருவதுதான் இந்தச் சிக்கலின் வழக்கமான காரணம். 'சிபி' கொண்டு படியெடுத்தால் புதிய இடத்தின் முத்திரை கிடைக்கும். 'ரிஸ்டோர்கான் -ஆர்வி' (ஆர் பெரிய எழுத்து) கட்டளை முத்திரைகளை அந்த இடத்துக்கு உரியவாறு திருத்தும். ஏற்றும் அடைவுக்கு மட்டும் முதலில் 'செமானேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் -ஏ -டி' வழியாக எழுதும் முத்திரையைப் பதிந்துவிட்டுப் பிறகு அதைக் கொடுங்கள். எஸ்இலினக்ஸையே அணைத்துவிடுமாறு வரும் அறிவுரை 777-இன் மறுவடிவம்.

அவ்வப்போது ஒரு சோதனை

செருகுநிரல்களும் நிறுவல் நிரல்களும் சில நேரங்களில் தாமாகவே அனுமதிகளைத் தளர்த்திவிடுகின்றன. ஒவ்வொரு புதுப்பித்தலுக்குப் பிறகும் இந்த வரியை ஓட்டுங்கள்:

சூடோ ஃபைண்ட் தள-அடைவு -பெர்ம் -ஓ+டபிள்யூ ! -டைப் எல்

எல்லோரும் எழுதத்தக்கவை ஏதேனும் இருந்தால் அது பட்டியலிடும். விடை வெறுமையாக வர வேண்டும். குறியீட்டு இணைப்புகள் எப்போதும் 777 என்றே தோற்றமளிக்கும் என்பதாலும், அவற்றின் உண்மையான அனுமதியை அவை சுட்டும் கோப்பே தீர்மானிக்கிறது என்பதாலும், கடைசிப் பகுதி அவற்றை ஒதுக்கிவிடுகிறது. பெயர் ஏதேனும் வந்தால் உடனே எண்ணை மாற்றிவிடாமல், முதலில் 'ஸ்டாட்' கட்டளையால் அதன் உரிமையாளரையும், அனுமதி கடைசியாக மாறிய நேரத்தையும் பாருங்கள். எந்த நிரல் அதைச் செய்தது என்பதற்கான தடயம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.